மூட்டைக்குள் சொன்னது

அத்தானும் நானும் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது.

ஒரே அறையில்தான் வேலை. அவர் மேசைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு பிரிண்டர். அவர் தும்மினால் என் காகிதம் அசையும். ஆனாலும் பேசுவதில்லை. அவருக்கு என்னிடம் ஏதாவது வேண்டுமென்றால், அறையின் மூன்றாவது ஆளான, மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டரைப் பார்த்து, "மேடம்கிட்ட கேளுப்பா" என்பார். நான், "சார்கிட்ட சொல்லிடுங்க" என்பேன். ஆரம்பத்தில் டெஸ்டர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பிச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அலுத்துவிட்டது. "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் திரைக்குத் திரும்பிவிடுவார்.

அத்தான் என் அக்காவின் கணவர். அலுவலகத்தில் 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது நான் சேர்ந்த அன்றே அவர் போட்ட விதி. அந்த வேலைக்கு என்னைச் சிபாரிசு செய்ததும் அவர்தான். அதை அவர் மறந்ததில்லை, என்னையும் மறக்கவிட்டதில்லை.

எங்கள் கம்பெனி லிஃப்ட்டுகளைப் பராமரிப்பது. ஊர் முழுக்க ஆயிரத்து நானூறு லிஃப்ட்டுகள். மாதம் இரண்டு முறை மெக்கானிக் போய்ப் பார்த்து, போனில் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்புவார். அந்தப் படிவங்கள் வந்து விழுகிற டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது எங்கள் அறை. சொத்துக்காகப் பேச்சை நிறுத்திய குடும்பங்கள் உண்டு. டேபிளில் ஒரு கட்டத்துக்காகப் பேச்சை நிறுத்திய குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

எல்லா லிஃப்ட்டும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்று இரும்புக் கயிற்றில் ஓடும், ஒன்று பெல்ட்டில், இன்னொன்று எண்ணெய் அழுத்தத்தில். கயிற்று லிஃப்ட்டுக்குக் கயிற்றின் தேய்மானம் எழுத வேண்டும். எண்ணெய் லிஃப்ட்டுக்குக் கயிறே கிடையாது. அத்தான் ஒவ்வொரு விஷயத்துக்கும் டேபிளில் தனிக் கட்டம் வேண்டும் என்றார். கணக்குப் போட்டால் இருநூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள். ஒரு வரியில் இருபது நிரம்பும், மீதி காலியாகக் கிடக்கும். நான் வேறு மாதிரி சொன்னேன். லிஃப்ட் எண், தேதி, மெக்கானிக் என்று எல்லாருக்கும் பொதுவானதை மட்டும் தனித்தனிக் கட்டங்களில் வைப்போம். மற்றதையெல்லாம், வந்தது வந்தபடி, பெயரும் மதிப்புமாகச் சேர்த்துக் கட்டி ஒரே கட்டத்துக்குள் போடுவோம். இப்போதைய டேட்டாபேஸ்கள் அந்தக் கட்டுக்குள்ளேயும் புகுந்து தேடித் தரும்.

மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் அத்தான் சிரித்தார். "இது டேபிள் இல்ல, மூட்டை. ஊரு அழுக்குத்துணி எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி வச்சுட்டு, நாளைக்கு ஒரு கைக்குட்டை வேணும்னா முழு மூட்டையையும் அவுக்கறது."

அறை சிரித்தது. நான், "எல்லாருக்கும் ஒரே சட்டையைத் தச்சு வச்சுட்டு, பத்தலன்னா கையை வெட்டிக்கோங்கறதுக்கு மூட்டை தேவலாம் சார்" என்றேன். அதற்கு இன்னும் கூடுதலாகச் சிரித்தார்கள். மேனேஜர் என் பக்கம் சாய்ந்தார்.

அன்று மாலை அக்கா வீட்டில், நாற்காலியில் சாய்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல், "நான் கைகாட்டி உள்ள விட்ட பொண்ணு, இன்னைக்கு எனக்கே சட்டை தைக்கக் கத்துத் தருது" என்றார் அத்தான். நான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். வாசல்வரை வந்த அக்கா, "அவர் சொன்னதுல என்னடி தப்பு? உள்ளதைத்தானே சொன்னார்" என்றாள். அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

அத்தான் தன் வழியில் பதில் சொன்னார். மூட்டைக் கட்டத்தை ஏற்றுக்கொண்டார், ஆனால் அதன் பக்கத்தில் தனக்கென்று ஒரு டேபிள் கட்டினார். அதற்குச் 'சுத்த டேபிள்' என்று பெயரும் வைத்தார். தினமும் காலையில் ஒரு நிரல் ஓடும். மூட்டைகளிலிருந்து முக்கியமான ஆறு அளவுகளை மட்டும் எடுத்து, எண்ணாக இருந்தால் ஆறு கட்டங்களில் வைக்கும். இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடும். அறிக்கைகள், எச்சரிக்கைகள் எல்லாம் சுத்த டேபிளிலிருந்துதான். பிரேக் லைனிங், அதாவது பிரேக்கில் உராய்கிற பட்டை, மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் சூப்பர்வைசருக்குச் சிவப்பு எச்சரிக்கை போவதும் அங்கிருந்துதான். மூட்டை எப்படி இருக்கிறது என்று அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. "அதுக்குள்ள நான் கைவிட மாட்டேம்பா, பாம்பு இருக்கும்" என்று டெஸ்டரிடம் எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

ஜனவரியில் படிக்கட்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்து கத்தினார்.

படிக்கட்டு ஒரு மெக்கானிக். ஐம்பத்தாறு வயது. முப்பது வருடம் லிஃப்ட்டில் வேலை செய்தும் எந்த லிஃப்ட்டிலும் ஏறாமல் படியேறியே போவதால் அந்தப் பெயர். கேட்டால், "உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவன் ஏறமாட்டான்" என்பார். அன்று அவர் என் மேசை விளிம்பைத் தட்டிக் கேட்டார்.

"சில லிஃப்ட்டுல பிரேக்குக்கு ரெண்டு பக்கம் லைனிங் இருக்கு. ரெண்டும் ஒரே மாதிரி தேயாது. உன் படிவத்துல ஒரு பெட்டி வச்சிருக்கே. நான் எதை எழுத? நல்லதையா, கெட்டதையா? ரெண்டையும் கூட்டி வகுத்து உன் தலையில எழுதவா?"

"போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே."

"போன் பண்ணினா, எதுவா இருந்தாலும் படிவத்துல எழுதுன்னு சொல்லிட்டு வச்சிடறீங்க. படிவத்துல எழுதப் போனா பெட்டி இல்ல. கழுதைக்கு முன்னாடி போனாலும் கடி, பின்னாடி போனாலும் உதை."

அவர் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சொன்னது சரி. பிப்ரவரி முதல் தேதி படிவத்தை மாற்றினேன். பிரேக்குக்கு இரண்டு பெட்டிகள். ஒன்றை மட்டும் நிரப்பினால் மூட்டைக்குள் முன்போல ஒற்றை எண் போகும். இரண்டையும் நிரப்பினால் இரண்டு எண்கள் ஒரு ஜோடியாகப் போகும். மூட்டையின் நன்மையே அதுதானே. எந்த வடிவத்தில் வந்தாலும் வாங்கிக்கொள்ளும், வாயைத் திறக்காது.

சுத்த டேபிளின் நிரல் ஜோடியை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, காலியாக விட்டுவிடும் என்று எனக்கு அப்போதே தெரியும். அதை அத்தானிடம் சொல்ல வேண்டும். பிரிண்டரைத் தாண்டி மூன்று அடி. நான் அந்த மூன்று அடியை நடக்கவில்லை. டெஸ்டரிடமும் சொல்லி அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக, வந்து விழும் ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் தானாகவே ஒரு குறிப்பு சேரும்படி செய்தேன். 'பிரேக் அளவு இனி இரண்டு எண்களாகவும் வரும். சுத்த டேபிளை மாற்றவும்.' பிப்ரவரி முதல் மே முடிய, ஒவ்வொரு லிஃப்ட்டுக்கும், ஒவ்வொரு முறையும். எண்ணிப் பார்த்தால் பதினோராயிரத்துச் சொச்சம் தடவை அவருக்குச் சொல்லியிருக்கிறேன். வாயால் ஒரு தடவையும் இல்லை.

ஜூன் மாதம் ஒரு கிடங்கின் சரக்கு லிஃப்ட், பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, கதவு திறந்தபடியே கீழே வழுக்கியது. சுமை தூக்குகிற ஒருவனின் வலது கால் நசுங்கியது. அந்த லிஃப்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் படிக்கட்டு. மேனேஜர் அறிக்கை கேட்டார். அத்தான் சுத்த டேபிளிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த லிஃப்ட்டுக்கு நேரே, பிரேக் அளவு என்ற தலைப்பின் கீழ், பிப்ரவரியிலிருந்து எட்டு முறையும் காலி. 'அளவு எடுக்கப்படவில்லை' என்று எழுதி மேனேஜர் கையெழுத்துப் போட்டார். அரசு ஆய்வாளர் அடுத்த வாரம் வியாழக்கிழமை விசாரணைக்கு வருவதாகச் சொன்னார்கள். விசாரணையில் தப்பு அவருடையது என்று முடிவானால் படிக்கட்டின் லைசென்ஸ் போய்விடும். அதன் பிறகு எந்தக் கம்பெனியிலும் எந்த லிஃப்ட்டையும் அவர் தொட முடியாது.

அந்த அறிக்கை அச்சானது எங்கள் நடுவில் இருந்த பிரிண்டரில்தான். காகிதம் வெளியே வரும்போது பார்த்தேன். காலிக் கட்டங்களைப் பார்த்ததுமே எனக்குப் பிப்ரவரியில் மாற்றிய படிவம் ஞாபகம் வந்தது. ஆனாலும் நான் மூட்டையைத் திறக்கவில்லை. ஒன்பது நாள் திறக்கவில்லை. திறக்காதவரை எனக்கு எதுவும் தெரியாது என்று ஒரு நியாயம் இருந்தது. அத்தானின் நியாயமும் அதுதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த ஒன்பது நாளும் படிக்கட்டு காலை பத்து மணிக்கு வந்து, வரவேற்பறையின் பிளாஸ்டிக் நாற்காலியில் இடித்த புளிபோல உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. செவ்வாய்க்கிழமை நான் தண்ணீர் பிடிக்கப் போனபோது, "ஏம்மா" என்றார்.

நின்றேன்.

"ரெண்டு பெட்டி வச்சியே. நான் ரெண்டுலயும் எழுதினேன். ஒவ்வொரு தடவையும். உன் மேனேஜர் நான் ஒண்ணுமே எழுதலங்கறான். நீ என்ன சொல்றே?"

"விசாரணையில பார்ப்பாங்க."

"உன்னைக் கேட்டேன்."

பாட்டில் நிரம்பி வழிந்து கையில் ஓடியது.

"ஒரு மாடிக்கும் இன்னொரு மாடிக்கும் நடுவுல நிக்கற லிஃப்ட்டைப் பார்த்திருக்கியா?" என்றார். "கதவைத் திறந்தா சுவர்தான் இருக்கும். உன் மூஞ்சி அப்படி இருக்கு."

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அவமானம் என்னை நல்லவளாக்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவர் பொய் சொல்கிறார் என்று கண்டுபிடித்து அந்த வார்த்தையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் மூட்டையைத் திறந்தேன்.

எட்டு மூட்டைகள். எட்டிலும் ஜோடி. இடதுபக்கம் நான்கு புள்ளி ஒன்று, வலதுபக்கம் மூன்று புள்ளி ஆறு. அடுத்ததில் வலது மூன்று புள்ளி மூன்று. ஏப்ரலில் இரண்டு புள்ளி ஏழு. மே கடைசியில் இடது நான்கு, வலது ஒன்று புள்ளி எட்டு. அதற்குக் கீழே, படிவத்தில் வேறு எதுவும் எழுதுவதற்கான இடத்தில், 'வலது மாத்தணும். மூணாவது தடவையா சொல்றேன்.' அதற்கும் கீழே என்னுடைய குறிப்பு. இரண்டு வரிகளும் ஒரே கட்டுக்குள், ஒன்றன்கீழ் ஒன்றாக, யாரும் படிக்காமல் இருந்தன.

பிறகு மற்ற லிஃப்ட்டுகளையும் பார்த்தேன். இரண்டு லைனிங் உள்ளவை அறுபத்து மூன்று. அவற்றில் ஐம்பத்து நான்கில் மெக்கானிக்குகள் ஏதோ ஒரு பெட்டியை மட்டும் நிரப்பியிருந்தார்கள். அந்த ஒற்றை எண்கள் சுத்த டேபிளுக்கு அழகாகப் போயிருந்தன. இரண்டு பக்கமும் அளந்தவர்கள் ஒன்பது லிஃப்ட்டுகளில். அந்த ஒன்பதும் காலி. ஒழுங்காக வேலை செய்தவர்கள் மட்டும் வேலையே செய்யாதவர்களாக ஆகியிருந்தார்கள். அதைச் செய்தது நான்.

ஒன்பதில் இன்னொன்று இரண்டு புள்ளி ஆறில் இருந்தது. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில். அதைப் பார்த்ததும் சூப்பர்வைசருக்குப் போன் செய்து அந்த லிஃப்ட்டை உடனே நிறுத்தச் சொன்னேன்.

"சிவப்பு எதுவும் வரலியே" என்றார்.

"வராது. நிறுத்துங்க."

நிறுத்திவிட்டு அவர் செய்த அடுத்த வேலை, ஏன் சிவப்பு வரவில்லை என்று அத்தானுக்குப் போன் செய்தது. பிரிண்டருக்கு அந்தப் பக்கம் அத்தான் போனைக் காதில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எட்டு மாதத்தில் முதல்முறையாக நேராக என்னைப் பார்த்து, "வெளிய வா" என்றார்.

டெஸ்டர் தலையை நிமிர்த்தினார். "நான் இனிமே தேவையில்லையா?" என்றார்.

மாடிப்படி முகப்பில் நின்றோம். அங்கே எங்கள் கட்டிடத்தின் லிஃப்ட் உண்டு. அதன் கதவில் 'பழுது' என்ற காகிதம் ஒட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஊருக்குத்தான் உபதேசம்.

"மூட்டையைத் தொறந்தியா?"

"தொறந்தேன்."

"அவன் எழுதியிருக்கானா?"

"எட்டு தடவையும். கடைசியா ஒண்ணு புள்ளி எட்டு."

அத்தான் சுவரைப் பார்த்தார். "ரெண்டு நம்பரா வருதுன்னு எனக்கு யார் சொன்னா?"

"நான் சொன்னேன்."

"எப்ப?"

"பிப்ரவரியிலேர்ந்து. ஒவ்வொரு வரியிலயும் எழுதியிருக்கு."

"எங்க?"

"மூட்டைக்குள்ள."

அவர் சத்தமில்லாமல் சிரித்தார். "பூட்டின பெட்டிக்குள்ள கடுதாசியைப் போட்டுட்டு, படிச்சியா படிச்சியான்னு கேக்கறே."

"சாவி உங்ககிட்டயும் இருந்துச்சு."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பத்து நிமிஷ வேலை."

"எட்டு வரி காலியா இருக்கேன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் பத்து நிமிஷ வேலைதான்."

கீழே யாரோ படியேறி வந்து, எங்களைக் கண்டு, ஒதுங்கிப் போனார்கள். அத்தானின் குரல் மாறியது. வீட்டில் பேசும் குரல். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"கேளு. வியாழக்கிழமை இதைச் சொன்னா முதல்ல போறது நீ. அடுத்தது என்னைக் கேப்பாங்க. படிவத்தை மாத்தினது நீ. சொல்லாதது நீ. என்மேல இருக்கறது பாதிதான், அதனால எனக்குத் திட்டோட போயிடும்னு வச்சுக்கோ. உனக்கு அப்படி இல்ல. நான் இன்னைக்கே நிரலைத் திருத்திடறேன். நாளையிலேர்ந்து ஒரு ஜோடியும் தப்பாது. நீயும் அந்த இன்னொரு லிஃப்ட்டை நிறுத்திட்டே, நல்லது. பழசை அப்படியே விடு. ஆய்வாளர் சுத்த டேபிளைத்தான் பார்ப்பாங்க. அதுல இருக்கறது காலி. காலின்னா காலிதான். அந்தாளுக்கு ஐம்பத்தாறு வயசு. எப்படியும் நாலு வருஷத்துல வீட்டுக்குப் போறவன்."

"எழுதினவரை எழுதலன்னு சொல்லச் சொல்றீங்க."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அதுதான் உனக்கு நல்லா வருமே." பிறகு, படியில் கால் வைத்தபடி, "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. உங்க அக்கா கேட்டுட்டே இருக்கா" என்றார்.

எட்டு மாதம் அந்தக் கூப்பிடுதலுக்காக நான் காத்திருந்தேன் என்பது அது வந்த பிறகுதான் தெரிந்தது. வந்த இடம்தான் சரியில்லை.

மறுநாள் மதியம் அக்கா போன் செய்தாள். நான் அலுவலகத்தின் பின்பக்க ஜன்னலோரம் நின்று எடுத்தேன்.

"அவரே முதல்ல பேசினாராமே. இதுக்கு மேல அவர் என்னடி இறங்கி வரணும்?"

"ம்."

"அந்த மெக்கானிக் உனக்கு மாமனா, மச்சானா? வழியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கறே."

"அவர் சரியா எழுதியிருக்காருக்கா."

"எழுதட்டும். நீ பேசாம இருந்தா எல்லாம் அடங்கிடும். உன்னைப் பேசச் சொன்னாத்தானே கஷ்டம்? பேசாம இருன்னுதானே சொல்றோம்."

ஜன்னலுக்கு வெளியே ஏ.சி. பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எத்தனை சொட்டு என்று எண்ணினேன். அந்த முனையில் அக்கா மூச்சு விடுவது கேட்டது.

"பாரு. இப்பவும் இதையேதான் பண்றே" என்றாள். "அப்பா மாதிரியே. கைநீட்டி அடிக்கவே மாட்டார். பேச மாட்டார், அவ்வளவுதான். வாரக்கணக்கா வீட்டையே கொன்னு போடுவார். நீயும் பேசாமயே ஆளைக் கொல்றவதான்."

போனை வைத்துவிட்டாள். அவள் என்மேல் எறிந்தவற்றில் அது ஒன்றுதான் சரியாகப் பட்டது. ஆனால் அவள் குறிவைத்த இடத்தில் அல்ல. அப்பாவின் மௌனத்தை நான் பெருமையாகத்தான் சுமந்துகொண்டிருந்தேன். சண்டை போடாதவர், வார்த்தை விடாதவர் என்று. அவர் மனத்தில் என்ன இருந்தது என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. இல்லை என்றும் ஆமாம் என்றும் சொல்லாத ஒருவரிடம் நாங்கள் எங்கள் விருப்பப்படி அர்த்தத்தைப் போட்டுக்கொண்டோம். காலிக் கட்டத்தை மேனேஜர் 'எடுக்கப்படவில்லை' என்று படித்ததுபோல.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. மீட்டிங் அறையில் நீள மேசை. ஆய்வாளர் நடுத்தர வயதுப் பெண். லேப்டாப் எதுவும் இல்லை, ஒரு நோட்டும் இரண்டு பென்சிலும்தான். ஒரு பக்கம் மேனேஜர், அத்தான், நான். எதிர்ப்பக்கம் படிக்கட்டு, தனியாக. தோய்த்துக் கஞ்சி போட்ட சட்டை அணிந்திருந்தார். காலர் கழுத்தை அறுப்பதுபோல அடிக்கடி விரலை விட்டு இழுத்துக்கொண்டார்.

மேனேஜர் அறிக்கையை வாசித்தார். அத்தான் சுத்த டேபிளைச் சுவரில் காட்டினார். எட்டு வரிகள், எட்டும் காலி.

"மத்த மெக்கானிக்குங்க எழுதியிருக்காங்க" என்றார் மேனேஜர். "இவர் வரியைப் பாருங்க, எட்டும் காலி."

"நான் எழுதினேன்" என்றார் படிக்கட்டு.

"எங்க எழுதினீங்க?" என்றார் ஆய்வாளர்.

"போன்ல. அனுப்பினா அது போன்லேர்ந்து போயிடும். இவங்ககிட்டதான் இருக்கணும்."

"இவங்ககிட்ட இல்லியே."

"அப்ப இவங்க தின்னுட்டாங்க."

ஆய்வாளர் பென்சிலை நோட்டில் வைத்தார். எழுதப் போகிறார் என்று தெரிந்தது. அந்தப் பென்சில் முனை தாளைத் தொடுவதற்கு முன், "இருக்கு" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "எட்டும் இருக்கு. நான் காட்டறேன்."

அத்தான் திரும்பவே இல்லை. சுவரிலிருந்த காலிக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வயரை அவர் லேப்டாப்பிலிருந்து உருவி என்னுடையதில் மாட்டினேன். மூட்டைகள் சுவரில் விரிந்தன. ஆய்வாளர் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று வாசித்தார். ஒவ்வொரு எண்ணையும் நோட்டில் எழுதினார். 'வலது மாத்தணும். மூணாவது தடவையா சொல்றேன்' என்ற வரிக்கு வந்ததும் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அதற்குக் கீழே இருந்ததைச் சத்தமாக வாசித்தார்.

"'பிரேக் அளவு இனி இரண்டு எண்களாகவும் வரும். சுத்த டேபிளை மாற்றவும்.' இது யார் எழுதினது?"

"நான்."

"யாருக்கு?"

"சாருக்கு."

"இவர் உங்களுக்கு எவ்வளவு தூரத்துல உக்கார்றாரு?"

"நடுவுல ஒரு பிரிண்டர் இருக்கு."

யாரோ சிரிப்பதுபோல மூச்சு விட்டார்கள். ஆய்வாளர் சிரிக்கவில்லை.

"வாயால சொன்னீங்களா?"

"இல்ல."

"இந்த இடத்தை அவர் பார்க்க மாட்டார்னு உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குப் பழக்கமான மௌனம் வந்து உட்கார்ந்தது. அதற்குள் ஒரு வீடு கட்டி நான் முப்பத்து மூன்று வருடம் குடியிருந்திருக்கிறேன். அதற்குள் இருந்தால் எல்லாம் கேட்கும், எதுவும் தொடாது. படிக்கட்டு காலரை இழுத்தார். அத்தானின் நாற்காலி ஒருமுறை முனகியது.

"தெரியும்" என்றேன். "தெரிஞ்சுதான் அங்க எழுதினேன். பின்னால, சொன்னேனேன்னு சொல்லிக்கறதுக்காக."

"எழுதிக்கோங்க மேடம்" என்றார் அத்தான். "அவளே சொல்லிட்டா."

ஆய்வாளர் அவர் பக்கம் திரும்பினார். "உங்களையும் ஒண்ணு கேக்கணும். ஒரு லிஃப்ட்டுக்கு எட்டு தடவை காலியா வருது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஏன்னு கேட்டீங்களா?"

"அவர் எழுதலன்னு நெனச்சேன்."

"கேட்டீங்களான்னு கேட்டேன்."

அத்தான் பதில் சொல்லவில்லை. அவருடைய மௌனத்தை வெளியிலிருந்து பார்ப்பது எனக்கு அதுதான் முதல்முறை. எங்கள் இருவருடையதும் ஒரே துணியில் வெட்டியதுபோல இருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்றார் ஆய்வாளர்.

"ஆமா."

"நெனச்சேன்" என்று சொல்லி நோட்டை மூடினார்.

படிக்கட்டின் மேல் தப்பு எதுவும் இல்லை, லைசென்ஸ் அப்படியே இருக்கும் என்று போகும் முன் அங்கேயே சொல்லிவிட்டார். மேனேஜர் எங்கள் இருவரிடமும் அடையாள அட்டைகளை வாங்கி மேசைமேல் வைத்தார். இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அத்தான் என்னைத் தாண்டி வெளியே போகும்போது, "ஞாயித்துக்கிழமை வர வேணாம்" என்றார். மிகச் சாதாரணமாக, கடைக்குப் போய்விட்டு வரச் சொல்வதுபோல.

நான் பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினேன். இரண்டாவது மாடியில் படிக்கட்டு கண்ணில் பட்டார். கைப்பிடியைத் தொட்டுத் தொட்டு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிற்கவில்லை.

"நன்றி சொல்லுவேன்னு பின்னாடியே வர்றியா?"

"இல்ல."

"சொல்ல மாட்டேன்." நான்கு படி இறங்கினார். "ரெண்டு பெட்டி கேட்டேன். வச்சுக் கொடுத்தே. ரெண்டுலயும் எழுதினேன். ஒண்ணுல எழுதின சோம்பேறி எல்லாம் வீட்டுல நிம்மதியா தூங்கினான். நான் உங்க பிளாஸ்டிக் நாற்காலியில பத்து நாள் உக்காந்தேன்."

"தப்பு என்னோடதுதான்."

"அதை எனக்கு ஏன் சொல்றே? எனக்குக் கால் ரெண்டும் இருக்கு." நின்றார். முதல்முறையாக முகத்தை முழுதாகத் திருப்பினார். "அங்க ஒருத்தன் படுத்திருக்கான். போய் அவன்கிட்ட சொல்லு. எழுதி எங்கயாவது சொருகிட்டு வராதே. மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

"எந்த ஆஸ்பத்திரி?"

"தேடு. அதானே உன் வேலை."

அவர் தெருவில் இறங்கிப் போய்விட்டார். நான் தரைத்தளத்தில், அங்கும் பழுது என்று எழுதி ஒட்டியிருந்த லிஃப்ட் கதவின் முன்னால் நின்றேன். பெரிய ஆஸ்பத்திரிகள் ஊரில் மூன்று இருக்கும். ஒவ்வொன்றாகப் போய் விசாரிக்கலாம். வரவேற்பு ஜன்னலில் இருப்பவர், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பார்.

அவன் பெயர் எனக்குத் தெரியவில்லை. பத்து நாளாக எல்லாக் காகிதத்திலும் அவன் 'பாதிக்கப்பட்டவர், ஒருவர்' என்றுதான் இருந்தான். லிஃப்ட் எண்ணுக்கு எங்களிடம் ஒரு கட்டம் இருந்தது, தேதிக்கு ஒன்று, மெக்கானிக்குக்கு ஒன்று. அவனுக்குச் சுத்த டேபிளிலும் இடமில்லை, மூட்டையிலும் இல்லை. அன்று காலை விசாரணையில்கூட அவன் பெயரை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, படிக்கட்டு போன திசையில், அவரைக் கூப்பிட்டுக்கொண்டே வேகமாக நடக்கத் தொடங்கினேன்.